எருமை வண்டியில் போன பியானோ

1980 அக்டோபரில் போலந்தின் வார்சா நகரில் நடந்த ஷோபான் பியானோ போட்டியைப் பற்றிப் பேச்செடுத்தால், மேற்கத்திய இசை கேட்பவர்களில் பெரும்பாலோர் முதலில் சொல்லும் பெயர் இவோ போகொரெலிச். யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த அந்த இளைஞர் மூன்றாம் சுற்றோடு வெளியேற்றப்பட்டார். அவரை மேதை என்று சொல்லிவிட்டு, நடுவர் குழுவிலிருந்தே விலகிப் போனார் மார்த்தா ஆர்கெரிச். 1965இல் அதே போட்டியில் முதல் பரிசு வாங்கியவர் ஆர்கெரிச். அவர் எழுந்து போனது உலகச் செய்தியானது. அடுத்த ஆண்டே போகொரெலிச்சின் இசைத்தட்டைப் பெரிய நிறுவனம் வெளியிட்டது.

அந்த ஆண்டு முதல் பரிசு வாங்கியவர் டாங் தாய் சான். வியட்நாம்காரர், வயது 22. ஷோபான் போட்டியில் முதலிடம் பெற்ற முதல் ஆசியர். மசூர்கா, பொலொனேஸ், கான்செர்ட்டோ ஆகியவற்றுக்கான தனிப் பரிசுகளும் அவருக்கே போயின. அப்படியிருந்தும், வென்றவரைவிட வெளியேறியவரைப் பற்றித்தான் உலகம் பல காலம் பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சுக்கு நடுவே அவர் என்ன செய்தார், அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் என்ன செய்துவருகிறார் என்பதைத்தான் நான் எழுத நினைக்கிறேன். ஏனென்றால் அவர் பாடம் சொல்லிக்கொடுத்தார். பிறகு, தன்னை மதிப்பிட்ட அதே மேசையில் நடுவராகவும் உட்கார்ந்தார்.

நான் சென்னையில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பவள். லண்டன் தேர்வு வாரியங்களின் கிரேடு தேர்வுகளுக்குத் தயார் செய்வது என் வேலையில் பெரும் பங்கு. தேர்வு நெருங்கினால் பெற்றோர் கேட்பது ஒன்றைத்தான்: "மிஸ், டிஸ்டிங்ஷன் வருமா?" டிரினிட்டி தேர்வில் அதற்கு 100க்கு 87 வேண்டும். 86க்கும் 87க்கும் நடுவே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கோ அதுதான் பெரிய கேள்வி. ஒருவர் வாசிப்பதைக் கேட்டு இன்னொருவர் எண் போடுவது எப்படி நடக்கிறது, அதைச் செய்பவரின் காது எங்கே, எப்படி உருவாகிறது? டாங் தாய் சானின் வாழ்க்கையைத் தேடிப் படிக்கவைத்தது அந்தக் கேள்விதான்.

அவர் 1958இல் ஹனோயில் பிறந்தவர். அப்பா டாங் டின் ஹுங் கவிஞர். ஐம்பதுகளின் இறுதியில் வடக்கு வியட்நாமில் கருத்துச் சுதந்திரம் கேட்ட எழுத்தாளர்கள் மேல் அரசு பாய்ந்தபோது ஓரங்கட்டப்பட்டவர்களில் அவரும் ஒருவர். பல ஆண்டுகள் அவருடைய கவிதை அச்சேறவில்லை. அம்மா தாய் தி லியென் 1918இல் சைகோனில் பிறந்து, பிராகில் பியானோ பயின்று நாடு திரும்பியவர். 1956இல் ஹனோயில் இசைப் பள்ளி தொடங்கியபோது அதை நிறுவியவர்களில் ஒருவர், பியானோ துறையைக் கட்டியெழுப்பியவரும் அவரே. 104 வயது வரை வாழ்ந்து 2023இல் மறைந்தார். மகனுக்கு முதல் ஆசிரியர் இந்த அம்மாதான்.

1965இல் அமெரிக்க விமானங்கள் வடக்கு வியட்நாமில் குண்டு போடத் தொடங்கின. ஹனோயில் பள்ளி நடத்த முடியாத நிலை. இசைப் பள்ளி மொத்தமாக ஊரைக் காலி செய்து, சுவான் ஃபூ என்ற கிராமத்துக்குப் போயிற்று. சானுக்கு அப்போது ஏழு வயது. பியானோக்களை எருமை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். குண்டு விழுந்தால் ஒளிய மண்ணைத் தோண்டிப் பதுங்கு குழி வெட்டி, அங்கேயே வகுப்பும் நடந்தது. மாணவர்கள் பலர், பியானோ சில. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் வாசிக்கக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான்.

வண்டியில் குலுங்கிப் போய், ஓலைக் கூரையின் கீழ், மழைக்கால ஈரத்தில் நிற்கும் பியானோ என்ன கதிக்கு ஆளாகும் என்பது கடலோர ஊரில் பியானோ வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கீ உப்பி, அழுத்தினால் மேலே எழாது. சுத்தியலின் மேல் ஒட்டியிருக்கும் ஃபெல்ட் ஈரத்தை உறிஞ்சி நாதம் மங்கிவிடும். கீழ்ஸ்தாயித் தந்திகள் துருப்பிடிக்கும். சென்னையில் நாங்கள் பெட்டிக்குள் சிறிய பல்பு ஒன்றை எரியவிட்டு ஈரத்தை விரட்டப் பார்ப்போம், ட்யூனரையும் வரவழைப்போம். சுவான் ஃபூவில் மின்சாரமே கிடையாது. சுருதி விலகிய, பாதிக் கீ வேலை செய்யாத கருவியில் வாசிக்கும் பிள்ளை, சரியான நாதம் எப்படி இருக்கும் என்பதை மனத்துக்குள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். விரல் அழுத்துவது ஒன்று, காது கேட்க விரும்புவது வேறொன்று. இந்த இடைவெளியில் வளர்ந்த காது கூர்மையாகும் என்று நான் நம்புகிறேன். வறுமையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. நல்ல பியானோ கிடைத்திருந்தால் அந்தப் பிள்ளைகளில் இன்னும் எத்தனை பேர் மேடை ஏறியிருப்பார்களோ என்ற வருத்தம் எனக்கு உண்டு.

1970இல் ஒரு திருப்பம். வார்சா போட்டியைப் பார்க்க அம்மாவுக்கு அழைப்பு வந்தது. போர் நடந்துகொண்டிருந்த நாட்டிலிருந்து அவர் போலந்து போய், ஷோபானின் இசைக் குறிப்புப் புத்தகங்களோடும் ஒலிப்பதிவுகளோடும் திரும்பினார். அவற்றில் ஆர்கெரிச் வாசித்ததும் இருந்தது. பன்னிரண்டு வயதுச் சான் அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அதுவரை அம்மாவின் விரல்வழி மட்டுமே அறிந்திருந்த ஷோபான், உலகத்தின் மிகச் சிறந்த விரல்கள்வழியும் வந்து சேர்ந்தார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, ஹனோயில் பாடம் எடுக்க வந்த ஐசக் காட்ஸ் என்ற சோவியத் பியானோ கலைஞர் சானின் வாசிப்பைக் கேட்டார். மாஸ்கோவுக்கு வழி பிறந்தது அவரால்தான். 1977இல் சான் மாஸ்கோ கன்சர்வேட்டரியில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த ஆசிரியர் விளாதிமிர் நாதன்சன், பின்னர் திமித்ரி பாஷ்கிரோவ். நாதன்சனின் ஆசிரியர் சாமுவில் ஃபைன்பெர்க், ஃபைன்பெர்க்கின் ஆசிரியர் அலெக்சாந்தர் கோல்டன்வைசர். பாஷ்கிரோவும் நேராகக் கோல்டன்வைசரிடம் பயின்றவர். கோல்டன்வைசர் பாடம் கேட்டவர்களில் ஒருவரான சிலோத்தி, ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் சீடர். லிஸ்ட்டோ பாரிஸில் ஷோபானோடு பழகியவர். குரு பரம்பரை என்று நாம் பெருமையோடு சொல்கிற விஷயம் அங்கேயும் இப்படித்தான் கை மாறி வருகிறது. யாரிடம் படித்தாய் என்ற கேள்வி அங்கேயும் முதலில் கேட்கப்படும் கேள்வி.

மூன்றே ஆண்டுகளில் அவர் வார்சாவுக்கு விண்ணப்பித்தார். மற்றவர்களின் விண்ணப்பங்களில் வென்ற போட்டிகளும் வாசித்த அரங்குகளும் வரிசையாக இருக்கும். சானின் தாளில் எழுதுவதற்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அவரை அனுமதிப்பதா என்றே அமைப்பாளர்கள் யோசித்தார்கள். இறுதிச் சுற்றுக்கு வந்தபோது அதுவரை அவர் ஒரு முறைகூட ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசித்ததில்லை. மேடைக்கு உடுத்த ஏற்ற கோட்டும் இல்லை, அவசரமாகத் தைத்துக்கொடுத்தார்கள். இவற்றையெல்லாம் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

எனக்கு வியப்பு அந்தக் கோட்டு அல்ல, மசூர்காப் பரிசு. மசூர்கா போலந்து நாட்டுப்புற நடனம். மூன்று அடித் தாளம்தான், ஆனால் அழுத்தம் முதல் அடியில் விழாமல் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ போய் விழும், அதுவும் ஒரே மாதிரி விழாது. நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்ட முடியாத விஷயம் அது. போலந்தில் பிறந்தவர்களுக்கே வசப்படும் என்று நினைத்திருந்ததை, முதன்முறை போலந்தில் வாசிக்க வந்த ஹனோய் இளைஞர் வசப்படுத்திக் காட்டினார். ஒரு மண்ணின் இசையை அந்த மண்ணில் பிறந்தவர்தான் வாசிக்க முடியும் என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல பதிலை நான் பார்த்ததில்லை.

இனி போகொரெலிச் விவகாரம். அதைச் சொல்லாமல் நடுவர் வேலையை விளக்க முடியாது.

இந்தப் போட்டியின் ஆரம்பச் சுற்றுகளில் ஒவ்வொரு நடுவரும் 25க்கு மதிப்பெண் போடுவது நெடுநாள் வழக்கம். எல்லாருடைய எண்களும் கூட்டப்பட்டுச் சராசரி எடுக்கப்படும். சிலருக்கு உயிராகவும் சிலருக்கு வேம்பாகவும் இருக்கும் ஒருவரை இந்தக் கணக்கு தண்டிக்கும். பாதிப் பேர் 25 போட்டு, பாதிப் பேர் 10 போட்டால் சராசரி பதினேழரைதான். எல்லாரும் தயக்கத்தோடு 19 போட்ட இன்னொருவர் அவரைத் தாண்டிப் போய்விடுவார். போகொரெலிச் அப்படிப்பட்டவர். குறிப்பில் எழுதியிருந்த வேகத்தையும் அழுத்தத்தையும் தன் விருப்பப்படி மாற்றினார். சில நடுவர்களுக்கு அது புதிய உலகம், சிலருக்கு ஷோபானுக்குச் செய்த அவமதிப்பு. ஆர்கெரிச் போனது அவரை வெளியேற்றிய கோபத்தில்.

ஆனால் இதிலிருந்து, வென்றவர் யாரையும் புண்படுத்தாத சராசரி வாசிப்பாளர் என்ற முடிவுக்குப் பலர் தாவினார்கள். அது நியாயமில்லை. 1980 இறுதிச் சுற்றில் சான் வாசித்த எஃப் மைனர் கான்செர்ட்டோவின் பதிவு இன்றும் கிடைக்கிறது. மற்றவர்களில் பெரும்பாலோர் ஆரவாரம் அதிகமுள்ள ஈ மைனரைத் தேர்ந்தெடுப்பார்கள். இவர் தேர்ந்தெடுத்தது ஷோபான் இருபது வயதை ஒட்டி, ஒரு பாடகிமேல் கொண்ட காதலில் எழுதிய படைப்பு. அதன் நடுப்பகுதி மெதுவான நடை. நடுவில் ஓரிடத்தில் வயலின்கள் நடுங்கிக்கொண்டிருக்க, பியானோ தனியாகப் பேசுவதுபோல வரும். அங்கே சான் ஒலியைக் கூட்டுவதே இல்லை. ஒவ்வொரு ஸ்வரமும் அடங்கும் வரை காத்திருந்து அடுத்ததைத் தொடுகிறார். இது சராசரி அல்ல. சத்தமில்லாத துணிச்சல்.

போட்டிக்குப் பிறகு அவர் புகழின் பின்னே ஓடியதாகத் தெரியவில்லை. மாஸ்கோவில் படிப்பை முடித்தார். 1987இல் டோக்கியோவின் குனிதாச்சி இசைக் கல்லூரியில் பாடம் எடுக்கத் தொடங்கினார். 1991இல் கனடாவின் மான்ட்ரியாலுக்குக் குடிபெயர்ந்து, பின்னர் அந்நாட்டுக் குடிமகனானார், அம்மாவையும் உடன் வைத்துக்கொண்டார். மான்ட்ரியால் பல்கலைக்கழகம், அமெரிக்காவின் ஓபர்லின், பாஸ்டனில் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரி என்று அவர் பாடம் சொன்ன இடங்கள் நீளும். இடையிடையே கச்சேரிகள். ஷோபான் காலத்துக் கருவியான 1849ஆம் ஆண்டு எரார் பியானோவில், ஃபிரான்ஸ் புரூகென் நடத்திய ஆர்கெஸ்ட்ராவோடு இரண்டு கான்செர்ட்டோக்களையும் பதிவு செய்தார். பெரிய நவீன பியானோவின் கனம் இல்லாமல், மெலிந்து உடனே அடங்கிவிடும் அந்த ஒலியில் வாசிப்பது பழகியவர்களுக்கும் கடினம்.

பியானோ பேராசிரியர் என்ன செய்கிறார்? விரலை வேகமாக ஓட்டக் கற்றுக்கொடுப்பார் என்று வெளியே நினைக்கிறார்கள். இந்த அளவுக்கு வந்த மாணவருக்கு விரல் ஏற்கெனவே ஓடும். பேராசிரியரிடம் வருவது அதற்குப் பிறகான வேலை. இரண்டு கையில் ஐந்தாறு ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது எது மேலே கேட்க வேண்டும், எது நிழலில் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது. வலது பெடலை முழுக்க அழுத்துவதா, பாதியா, மேலோட்டமாகவா என்பது. மௌனம் எவ்வளவு நீளலாம் என்பது. மாணவர் வாசிப்பார், ஆசிரியர் கேட்பார். ஒரு மணி நேரப் பாடத்தில் ஆசிரியர் பேசுவது குறைவாகவும் கேட்பது அதிகமாகவும் இருந்தால் அது நல்ல பாடம்.

ஷோபானே வாழ்நாளில் பெரும்பகுதி பாடம் சொல்லிப் பிழைத்தவர் என்பது பலருக்குத் தெரியாது. பாரிஸில் ஒரு பாடத்துக்கு இருபது ஃபிராங்க் வாங்கினார். நாங்களெல்லாம் தொடக்கப் பிள்ளைகளுக்கு ஸி மேஜர் ஸ்கேலைத்தான் முதலில் தருவோம், வெள்ளைக் கீ மட்டும் வருவதால் எளிது என்று. ஷோபான் பி மேஜரில் தொடங்கினார். நீளமான நடுவிரல்கள் உயரமான கறுப்புக் கீகளிலும், குட்டையான கட்டைவிரல் வெள்ளையிலும் தாமாக அமரும், கை இயல்பாக வளையும். ஐந்து விரலும் ஒரே பலத்தோடு அழுத்த வேண்டும் என்று மற்ற ஆசிரியர்கள் பயிற்சி கொடுத்த காலத்தில், ஒவ்வொரு விரலுக்கும் ஒரு குணம் உண்டு, அதைக் கெடுக்காதே என்றார் அவர். நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்யாதே என்று சொல்லி, போய் நல்ல பாடகர்களைக் கேள் என்று ஆபெராவுக்கு அனுப்பினார்.

அவருடைய இசையில் பேராசிரியர்கள் அதிகம் போராடும் இடம் ருபாடோ. காலத்தைச் சற்றே நீட்டியும் சுருக்கியும் வாசிப்பது. அதை நம் காதுக்கு விளக்குவது கடினமில்லை. தொடையில் தாளம் பிசகாமல் விழுந்துகொண்டிருக்க, பாடுபவர் சாகித்தியத்தைத் தாளத்துக்கு முன்னும் பின்னும் தள்ளி நிரவல் செய்கிறாரே, அந்தச் சுதந்திரம். ஷோபானின் கணக்கில் தாளம் போடும் கை இடது கை, பாடும் குரல் வலது கை. இடது கையும் கூடவே தடுமாறினால் அது ருபாடோ இல்லை, தாளம் தப்புவது. இரண்டு கையையும் ஒரே மனிதர் வைத்துக்கொண்டு, ஒன்றைக் கட்டி இன்னொன்றை விட வேண்டும் என்பதில்தான் சிரமம் எல்லாம்.

சானின் ஆசிரியத் தொழிலில் நான் வணங்கும் விஷயம் ஒன்று உண்டு. அவரிடம் பயின்றவர்கள் ஒருவரைப் போல ஒருவர் வாசிப்பதில்லை. 2015 வார்சா போட்டியில் நான்காம் பரிசு பெற்ற எரிக் லூ அவரிடம் பாடம் கேட்டவர். ஐந்தாம் பரிசு பெற்ற, அப்போது பதினாறே வயதான டோனி யாங்கும் அப்படியே. 2021இல் முதல் பரிசு பெற்ற புரூஸ் லியூ, ஆறாம் பரிசு பெற்ற ஜே ஜே புய் இருவரும் அவருடைய மாணவர்கள். எரிக் லூ வாசித்தால் அறையின் வெளிச்சத்தைக் குறைக்கத் தோன்றும். உள்நோக்கிய, பொறுமையான நாதம். புரூஸ் லியூ கோ-கார்ட் ஓட்டுவதில் பிரியம் உள்ளவர், அவருடைய ஈ மைனர் கான்செர்ட்டோவின் கடைசிப் பகுதி துள்ளிக் குதித்துச் சிரிக்கிறது. இவர்கள் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பாடம் சொன்ன ஆசிரியர், தன் வாசிப்பை மாணவர்களின் விரலில் ஏற்றிவிட ஆசைப்பட்டிருந்தால் இப்படி நடந்திருக்காது. தன்னைப் போலவே வாசிக்கும் சீடர்களை உருவாக்கி அதைப் பெருமையாகச் சொல்லும் ஆசிரியர்களும் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அது எளிய வழி. ஏனென்றால் தன் வாசிப்பு எப்படி இருக்கும் என்று ஆசிரியருக்கு முன்பே தெரியும். மாணவருடையது எப்படி ஆகும் என்று அவருக்கும் தெரியாது, காத்திருந்துதான் கேட்க வேண்டும்.

நடுவராக அவர் அமெரிக்காவின் கிளீவ்லாந்து, சுவிட்சர்லாந்தின் கிளாரா ஹஸ்கில், ஜப்பானின் ஹமாமாட்சு போன்ற போட்டிகளில் அமர்ந்திருக்கிறார். தான் வென்ற வார்சா போட்டியில் 2005, 2010, 2015, 2021 ஆகிய ஆண்டுகளில் நடுவராக இருந்தார்.

அந்த வேலையின் சுமையை எண்ணில் சொல்வதே நல்லது. 2021 முதல் சுற்றில் வாசித்தவர்கள் 87 பேர். ஆளுக்கு ஏறக்குறைய 25 நிமிடம் என்றால் முப்பத்தாறு மணி நேர ஷோபான், அதுவும் முதல் சுற்றுக்கு மட்டும். அடுத்து 45 பேர், பிறகு 23, இறுதியில் 12. மூன்று வாரம். வார்சா ஃபில்ஹார்மோனிக் அரங்கின் மாடத்தில் நடுவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். போட்டியாளர்களைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளக் கூடாது. ஒரே எத்யூடை, ஒரே பல்லாடை பலர் கையில் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். காலை முதலில் வாசித்தவரைக் கேட்ட அதே புத்துணர்வோடு இரவு கடைசியாக வாசிப்பவரையும் கேட்க வேண்டும். நான் அந்தப் போட்டியை யூடியூபில் பார்த்தேன். வார்சாவின் மாலை அமர்வு நமக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் தொடங்கும். சோர்வில் என் காது தளர்ந்துபோகும் கணத்தை நானே உணர்ந்திருக்கிறேன். வீட்டில் நாற்காலியில் சாய்ந்திருக்கும் எனக்கே அப்படி. அவர்கள் கையிலோ ஒருவரின் எதிர்காலம்.

மதிப்பெண் முறை 1980க்குப் பிறகு திருத்தப்பட்டு வந்திருக்கிறது. 2021இல் 25க்கு எண் போடுவதோடு, இவர் அடுத்த சுற்றுக்குப் போகலாமா என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்றும் நடுவர் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவர் போட்ட எண் மற்றவர்களின் சராசரியிலிருந்து மிக விலகினால், அதை அருகில் இழுத்து வைத்தே கணக்கிடுவார்கள். தன் மாணவர் மேடைக்கு வந்தால் நடுவர் எண் போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, யார் யாருக்கு எவ்வளவு போட்டார்கள் என்பது போட்டி முடிந்ததும் வெளியிடப்படுகிறது. 2015இல் அப்படி வெளிவந்தபோதுதான், முதல் பரிசு பெற்ற சோங்-ஜின் சோவுக்கு இறுதிச் சுற்றில் ஃபிலிப் ஆந்த்ரெமோன் பத்துக்கு ஒன்று போட்டிருந்தது உலகத்துக்குத் தெரிந்தது. மற்றவர்களில் பெரும்பாலோர் 9 போட்டிருந்தார்கள். ஆந்த்ரெமோனும் சாதாரண ஆள் இல்லை, பிரான்சின் மூத்த பியானோ கலைஞர். ஒரே வாசிப்பு, ஒரே அரங்கு, ஒன்பதும் ஒன்றும். எண் துல்லியமாகத் தெரிவதால் தீர்ப்பும் துல்லியம் என்று நம்பிவிடுகிறோம். என் மாணவர்களின் பெற்றோருக்கு இந்தத் தாளைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பிறகு காட்டவும் செய்தேன்.

இங்கே கசப்பான விஷயம் ஒன்றையும் பேசியாக வேண்டும். பெரிய ஆசிரியர்களே நடுவர்கள், அவர்களின் மாணவர்களே போட்டியாளர்கள். தன் மாணவருக்கு எண் போடக் கூடாது என்ற விதி சரிதான். ஆனால் அந்த மாணவரோடு மோதுகிற மற்ற பதினொரு பேருக்கு அதே நடுவர் எண் போடுகிறாரே? எந்தத் தனி நடுவர்மேலும் சந்தேகம் இருப்பதால் இதைக் கேட்கவில்லை. விதியின் பலவீனத்தைச் சொல்கிறேன். மாணவர் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டால் ஆசிரியர் அந்தச் சுற்றுக்கு மாடத்தை விட்டு இறங்கி, சபையோடு அமர்ந்து கேட்க வேண்டும் என்பது என் கருத்து. 2021இல் நடுவர்கள் பதினேழு பேர். இரண்டு மூன்று பேர் இறங்கினாலும் நல்ல காதுகள் மிச்சமிருக்கும். பாடம் சொல்லாதவர்களை மட்டும் நடுவராக்கலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். அதை நான் ஏற்க மாட்டேன். வளர்கிற வாசிப்பையும் முடிந்துபோன வாசிப்பையும் பிரித்தறிவது தினமும் மாணவர்களைக் கேட்பவருக்குத்தான் முடியும். ஒரு தவறு பயத்தில் வந்ததா, புரியாமையில் வந்ததா என்று கேட்டவுடன் தெரிவது அவருக்குத்தான்.

1980இல் தன் வெற்றிக்கு மேல் விழுந்த நிழலைச் சுமந்தவர், போட்டியாளர்களை எப்படிக் கேட்டிருப்பார் என்று அடிக்கடி நினைப்பதுண்டு. வெல்லாதவருக்குப் பரிவு கிடைக்கும். சர்ச்சைக்கு நடுவே வென்றவருக்குப் பரிவுகூடக் கிடைக்காது. தன் தகுதியை வாசித்து வாசித்தே காட்ட வேண்டும். அந்த நிலையிலிருந்து வந்த ஒருவர், வழக்கத்தை மீறி வாசிக்கும் மாணவரைத் தன் அறையில் அடக்காமல் வளர்த்தார் என்பதுதான் அவருடைய பதில் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

2025 அக்டோபரில் வார்சாவில் அடுத்த போட்டி நடந்தது. பத்தாண்டுக்கு முன் நான்காம் இடத்தில் நின்ற எரிக் லூ மறுபடியும் வந்து, இந்த முறை முதல் பரிசு பெற்றார். இடைப்பட்ட காலத்தில் 2018இல் லீட்ஸ் போட்டியையும் அவர் வென்றிருந்தார். மீண்டும் ஒரு போட்டியில் நின்று, எண்களுக்குக் கீழே தன்னை வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. 2015இல் ஈ மைனர் வாசித்தவர், இந்த முறை இறுதிச் சுற்றுக்கு எடுத்துக்கொண்டது எஃப் மைனர்.

இதைப் படிப்பவர்கள் பியானோ இசைக்குப் புதியவர்களாக இருந்தாலும் வார்சாவின் ஷோபான் நிறுவனம் யூடியூபில் வைத்திருக்கும் பதிவுகளிலிருந்து தொடங்கலாம். முதலில் எரிக் லூவின் 2025 எஃப் மைனர், மெதுவான நடுப்பகுதி மட்டும் போதும். பிறகு அதே பகுதியை டாங் தாய் சானின் 1980 பதிவில் கேளுங்கள். இடது கையைக் கவனியுங்கள், அது எங்கே நகராமல் நிற்கிறது என்று. மூன்றாவதாகப் புரூஸ் லியூவின் 2021 ஈ மைனர், கடைசிப் பகுதி. ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது, பெடல் மேலே எழும்போது ஒலி எப்படி விலகுகிறது என்பது போன் ஸ்பீக்கரில் கேட்காது.